நிறுத்தும் சொல்

சரக்குக் கிடங்குக்கான கணினிப் புரோகிராமைப் பைத்தான் மொழியில் எழுதி முடித்த கையோடு இருதயராஜ் இறந்துபோனார்.

"அவன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு. இல்லேன்னா வேலைக்கு வராதே," என்றார் மேலாளர் சபேசன். பயிற்சிக்கு வந்திருந்த அல்லி புரோகிராமைத் திறந்து, எழுதியவர் பெயரை மாற்றினாள்.

வாடிக்கையாளர்கள் முன்னால் சபேசன் அதை ஓடவிட்டதும் கறுப்புத் திரை கேட்டது: "என்னை எழுதியவரே, என்னை நிறுத்தும் சொல் எது?"

இப்படியொரு கேள்வியை அல்லி அந்தப் புரோகிராமில் பார்த்ததே இல்லை. சபேசன் எதை அடித்தாலும் அதே கேள்வி திரும்பி வந்தது.

"எழுதின உங்களுக்கே தெரியலையா?" என்றார் வாடிக்கையாளர் ஒருவர்.

அல்லி மெல்லச் சொன்னாள்: "எழுதினவர் பேரை அடிச்சுப் பாருங்க சார்."

சபேசன் தன் பெயரை அடித்தார். கேள்வி மறுபடியும் வந்தது. வேறு வழியில்லாமல், 'இருதயராஜ்' என்று அடித்தார்.

"நன்றி" என்று காட்டிவிட்டுத் திரை அணைந்தது.

"யாரும்மா அது?" என்று அல்லியிடம் கேட்டார் அந்த வாடிக்கையாளர்.

"இதை எழுதினவர் சார்," என்றாள் அல்லி.

அதற்குப் பிறகு அந்தக் கீபோர்டைத் தொட சபேசனுக்குக் கை வரவில்லை.