எந்த ஞாயிற்றுக்கிழமைச் சொதி

தாணுமூர்த்தி சாமிக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் வந்துபோகும் சீடர்களில் மூத்தவள் உலகம்மை. அவளுக்கு அறுபத்தொன்று. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

அம்பாசமுத்திரத்தில் ஆற்றுக்குப் போகும் வழியில் நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கிதான் சாமியின் இடம். செவ்வாய்க்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம். உலகம்மை ஆறு வருஷமாக வருகிறாள். ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அன்றைக்கு எல்லாரும் எழுந்துபோன பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது.

“என்னம்மா அது?”

“சொதி, சாமி.”

“யார் வச்சது?”

“நான்தான். இதோட பன்னிரண்டு தடவை வச்சாச்சு. ஒரு தடவையும் அவுக ருசி வரல.”

சாமி வந்து எதிரே உட்கார்ந்தார்.

அவள் கணவர் காந்திமதிநாதன் இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவர் குடும்பத்தில் இந்தத் தேங்காய்ப்பால் சொதியை ஆண்கள்தான் வைப்பார்கள். அவர் அப்பா வைத்தார், அவருக்கு முன்னால் தாத்தா வைத்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்திமதிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே யாரையும் விடமாட்டார். ஆள் நின்று பேசினால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும் என்பார். உலகம்மைக்கு அன்றைக்கு மட்டும் கூடத்து நாற்காலி. முப்பத்தாறு வருஷம் அப்படித்தான்.

“செய்முறை தெரியாதா?” என்றார் சாமி.

“அதெல்லாம் நாத்தனார் போன்ல சொல்லிட்டாக, அவுக அப்பா வைக்கும்போது பாத்தவக. மூணு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டேன். ஒரு முழுத் தேங்காய்க்கு மூணு பால். மூணாம் பால்ல காய் வேகணும். ரெண்டாம் பால்ல பாசிப்பருப்பும் அரைச்ச இஞ்சி பச்சைமிளகாயும். முதல் பால் ஊத்தினா கொதிக்க விடக்கூடாது. நுரை கூடினதும் இறக்கிடணும். இறக்கின பிறகுதான் எலுமிச்சம்பழம். ஒண்ணுகூட விடல, சாமி. மிக்ஸியில வேண்டாம்னு ஆட்டுரல்லகூட ஆட்டிப் பாத்தேன்.”

“பிறகு?”

“பிறகு என்ன? வீட்டுல வச்சு ஒரு வாய் சாப்பிடுதேன். இது அது இல்லன்னு நாக்குச் சொல்லுது. கொண்டுபோய் எதிர்வீட்டுக்குக் குடுத்துருதேன். அவுக நல்லா இருக்குன்னுதான் சொல்லுதாக.” அவள் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். “திவசத்துக்கு மக வாரா. புனேயில இருந்து. அப்பா சொதி வச்சுத் தாங்கம்மான்னு கேட்டா. நான் சரின்னு சொல்லிட்டேன். என்ன விட்டுப்போச்சுன்னு சாமிதான் சொல்லணும்.”

சாமி எழுந்துபோய்க் கைகால் கழுவிவிட்டு வந்தார். மூலையில் அடுப்பின் மேல் சோறு வடித்து வைத்திருந்தது. ஒரு வாழையிலையை எடுத்துத் துடைத்துத் தரையில் போட்டார்.

“உட்காருங்க.”

“சாமிக்குத்தான் கொண்டுவந்தேன். நீங்க சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க.”

“நான் அவர் வச்சதைச் சாப்பிட்டதில்ல. எனக்கு எப்படித் தெரியும்? உட்காருங்க.”

“நீங்க பரிமாறி நான் சாப்பிடுறதா?”

“வீட்டுல யார் பரிமாறுவாங்க, சொதி வச்ச அன்னைக்கு?”

“அவுகதான்” என்றவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

சாமி சோற்றைப் போட்டு நடுவில் குழி பறித்துச் சொதியை ஊற்றினார். கரை உடைந்து இலையின் ஓரத்துக்கு ஓடியதை அவள் விரலால் தடுத்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே சைக்கிளில் யாரோ மணியடித்துக்கொண்டு போனார்கள்.

“இல்ல, சாமி.”

“சரி.”

“வந்துரும்னு நினைச்சேன். நீங்க பரிமாறினதும் வந்துரும்னு நினைச்சேன்.”

“நானும்தான்” என்றார் சாமி.

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

“எந்த ஞாயிற்றுக்கிழமைச் சொதியம்மா உங்களுக்கு வேணும்?”

“எல்லா ஞாயிறும் ஒண்ணுதான.”

“ஒண்ணுதானா?”

உலகம்மை யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் கொஞ்சம் மாறியது.

“ஒண்ணு இல்லதான். ஒரு ஞாயிறு உப்பு கூடிரும். ஒரு ஞாயிறு முருங்கைக்காய் முத்தலா வாங்கிட்டு வந்துருவாக, வாயெல்லாம் நார். மக பிறந்த வருஷம் பூரா காரமே கிடையாது. நான் பால் குடுக்கேன்னு.”

“கடைசியா வச்சது?”

அவள் கை இலையில் நின்றது.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்து பத்து நாள். கை ஆடிக்கிட்டு இருந்துச்சு. வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. கதவைச் சாத்திக்கிட்டாக. முதல் பாலை ஊத்திட்டு அடுப்பை அணைக்க மறந்துட்டாக போல. திரிஞ்சுபோச்சு. திப்பி திப்பியா மிதந்துச்சு. அப்படியே கொண்டுவந்து ஊத்திட்டு, எப்படி இருக்குன்னு கேட்டாக.”

“நீங்க?”

“எப்பவும் போலத்தான் இருக்குன்னு சொன்னேன். ரெண்டு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டு, இத்தனை வருஷமா இப்படித்தான் பொய் சொல்லிக்கிட்டு இருக்கியான்னு சிரிச்சாக. இருமல் வந்துருச்சு சிரிச்சு.” அவள் இடது கையால் முகத்தைத் துடைத்தாள். “அதுதான் கடைசி.”



“அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உங்க நாத்தனார் அளவு சொன்னாங்களா?”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். பிறகு அழுதாள். திவசம் நெருங்கும்வரை ஊராருக்கு முன்னால் அழாதவள், சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். சாமி அவளைத் தேற்றவில்லை. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அழுது முடித்து, தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் சொன்னாள்.

“மறந்துருவேன்னு பயமா இருக்கு, சாமி. குரல் இப்பவே பாதி மறந்துபோச்சு. நாக்கு ஒண்ணுதான் பிடிச்சு வச்சிருக்கு. அதுவும் போச்சுன்னா அவுக முழுசாப் போயிருவாக.”

“மக எப்ப வராங்க?”

“வெள்ளிக்கிழமை.”

“அவங்க எந்தச் சொதியைத் தேடுறாங்கன்னு கேளுங்க.”

“ஒரே சட்டியிலதான சாமி ரெண்டு பேரும் சாப்பிட்டோம். அவளுக்கு என்ன தனியா?”

சாமி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மகள் வடிவு வந்தாள். சனிக்கிழமை திவசம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகம்மை தேங்காய் உடைத்தாள். கதவைச் சாத்தவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். சாத்தவில்லை.

பதினொரு மணிக்குச் சொதி இறங்கியது. மகளை உட்காரவைத்துப் பரிமாறினாள். எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள்.

வடிவு மெதுவாகச் சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டதும் நிமிர்ந்தாள்.

“நல்லா இருக்கும்மா.”

“அப்பா வச்சது எப்படிடி இருக்கும் உனக்கு?”

வடிவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“திட்டமாட்டீங்களே?”

“சொல்லு.”

“எனக்கு இனிக்கும்மா.”

“சொதி இனிக்குமா?”

“மிளகாய் அரைச்சு ஊத்துறதுக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு கிண்ணத்துல எடுத்து வைப்பாங்க. அதுல ஒரு துண்டு கருப்பட்டி போடுவாங்க. பல்லு கெட்டுப்போகும்னு நீங்க கருப்பட்டி டப்பாவை அடுக்களைப் பரண்ல வச்சிருந்தீங்கல்ல. அப்பா ஸ்டூல் போட்டு எடுப்பாங்க. புறவாசல் வழியா என்னைக் கூப்பிட்டுக் குடுப்பாங்க. அம்மாகிட்டச் சொன்னா அடுத்த மாசம் கிடையாதுன்னு சொல்லிருந்தாங்க.”

“உனக்கு எத்தனை வயசு அப்போ?”

“நாலு அஞ்சு இருக்கும். ஆனா அவங்க போறதுக்கு முந்தின பொங்கலுக்கு வந்தப்பவும் அப்படித்தான்மா குடுத்தாங்க.”

உலகம்மைக்கு முதலில் கோபம்தான் வந்தது. உன் பல்லுக்கு நான் நாகர்கோவில் வரைக்கும் அலைந்தேனே என்று கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வடிவும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தபோது வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

பிறகு உலகம்மை எழுந்தாள். ஸ்டூலைப் போட்டுக் கருப்பட்டி டப்பாவை இறக்கினாள். மகள் சொல்லச் சொல்ல, மிச்சமிருந்த பாலில் நாலு துண்டு காயைப் போட்டுச் சின்னதாக ஒரு கிண்ணம் வைத்தாள். கருப்பட்டி கரைந்து பால் பழுப்பு நிறம் ஆயிற்று. வடிவு ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

“கிட்டத்துல வருது” என்றாள். “அப்பா இன்னும் ஒரு துண்டு போடுவாங்க.”

போட்டார்கள். உலகம்மையும் ஒரு கரண்டி சாப்பிட்டாள். விநோதமான ருசி. அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கிட்டங்கிக்கு வந்தாள். எல்லாரும் போகும்வரை காத்திருந்து நடந்ததை ஒன்று விடாமல் சாமியிடம் சொன்னாள். சொல்லி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

“ஒரே வீடு, சாமி. முப்பத்தாறு வருஷம். நாற்காலியில இருந்து அடுக்களைக் கதவு பத்தடி. கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி இறங்கியிருக்காக. எனக்கு ஒண்ணுமே தெரியல. இவ வாயைத் திறக்கலன்னா கடைசிவரைக்கும் தெரியாமலே போயிருக்கும்.”

“ம்.”

“அவுகளை முழுசாத் தெரியும்னு நினைச்சுக்கிட்டுத்தான் அழுதுகிட்டு இருந்தேன்.”

சாமி அவளைப் பார்த்தார்.

“இன்னும் எத்தனை இருக்கோ, அம்மா.”