பனிக்கு நின்ன ரயில்

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரி இருந்தா. உலகம்மான்னு பேரு. ஊரு தென்காசிக்குப் பக்கம். பால்காரர் பாலை ஊத்தினா, விரலை முக்கி நகத்துல சொட்டு நிக்குதா ஓடுதான்னு பார்ப்பா. ஜோசியர் நல்ல வார்த்தை சொன்னா, "இவரு எதுக்கு இப்படிச் சிரிக்காரு?"ன்னு கேப்பா. எதுக்கும் அவ கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இதுல அவனுக்கு என்ன லாபம்?"

ம் சொல்லு. ஆங், அப்படி.

அவ மக வடிவு டெல்லியில வாக்கப்பட்டிருந்தா. நிறைமாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே நடக்கணும்? ஆனா டாக்டரம்மா, "இந்த உடம்போட ரயில் ஏறக் கூடாது"ன்னுட்டாங்க. அந்த டாக்டரம்மா மேலயும் உலகம்மாளுக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் என்ன பண்றது? மக போன்ல அழுதா. "எம்மா, வலி வரும்போது நீ பக்கத்துல இருப்பியா?" "இருப்பேன்டி, பயப்படாதே"ன்னு சொல்லிட்டு, பேறுகால மருந்து, காயம், வசம்பு எல்லாம் ஒரு பையில கட்டிக்கிட்டு உலகம்மா கிளம்பிட்டா. தொணைக்கு அவ புருசனோட அக்கா, கோமு மதினி.

அப்புறம் ரயில் போச்சு. தடக் தடக், தடக் தடக். ஆறு தாண்டி, மலை தாண்டி, பாஷை தெரியாத ஊரெல்லாம் தாண்டிப் போச்சு. ஒரு நாள் காலையில உலகம்மா கண்ணு முழிச்சா, ஜன்னலுக்கு வெளியில ஒண்ணுமே இல்ல! மரமில்ல, வயலில்ல, வானமில்ல. அரிசி களைஞ்ச தண்ணிக்குள்ள ரயிலை முக்கி வெச்ச மாதிரி எங்க பார்த்தாலும் வெள்ளை. ரயில் மூச்சு வாங்கிச்சு. புஸ்ஸ்ஸ். நின்னே போச்சு.

"என்ன மதினி, நின்னுட்டான்?"

"பனியாம்ல."

"பனிக்கு ரயில் நிக்குமா? மார்கழிப் பனியில குனிஞ்சு கோலம் போடுதோம், நாம நிக்கமா? இவன் நிக்கானாம்! இதுல என்னமோ இருக்கு."

அவளுக்குத் தெரிஞ்ச பனி அதுதான். கோலப்பொடி மேல விழற பனி. காதுல துண்டு கட்டினா போயிரும். இது பக்கத்துல நிக்கற ஆளையே முழுங்கற பனின்னு அவளுக்கு யாரு சொல்றது?

அப்போ, "சாய்... சாய்..."னு ஒரு டீக்காரன் வந்தான். வண்டி நின்ன உடனே வந்துட்டான் பாரு! உலகம்மா கண்ணு சுருங்கிச்சு. "மதினி, டிரைவரும் இவனும் கூட்டு. வண்டி நின்னாத்தானே டீ விக்கும்? நீ குடிக்காதே."

"ஏட்டி, நடுங்குது எனக்கு. களவாணி டீயா இருந்தாலும் சூடா இருக்குல்ல?" கோமு மதினி வாங்கிக் குடிச்சுட்டா. சர்ர்னு உறிஞ்சிக் குடிச்சா, வேணும்னே. உலகம்மா மொறைச்சுக்கிட்டே குளிர்ல உக்காந்திருந்தா. பல்லு கடகடகட.

அப்புறம் ரயில் கொஞ்சம் ஊர்ந்துச்சு. மறுபடியும் புஸ்ஸ்ஸ். நின்னுருச்சு.

இந்தத் தடவை அவ பார்வை எதிர்ல போச்சு. எதிர்ல ஒரு ஆளு, தலையோட கால் கம்பளி போத்தி, ஏறினதுலருந்து படுத்தே கிடக்கான். மூஞ்சியைக் காட்டலை. "மதினி, இவனைப் பாரு. நாம கண்ணு அசந்தா பையைத் தூக்கிருவான். போர்வைக்குள்ள கத்தி வெச்சிருக்கானோ என்னமோ. உருவமும் திருட்டு உருவம்தான்."

அப்போ போர்வைக்குள்ளருந்து ஒரு குரல். "கத்தி இல்லீங்கம்மா. முறுக்குதான் இருக்குது. வேணுமா?"

சுத்தத் தமிழ்! உலகம்மா வெலவெலத்துப் போனா. அவன் பேரு தணிகைவேல். வேலூர்ப் பக்கத்துப் பையன், பட்டாளத்துக்காரன், லீவு முடிஞ்சு திரும்பறான். கோமு மதினி சிரிச்ச சிரிப்புல குடிச்ச டீ மூக்குல ஏறிருச்சு.

"தமிழ் தெரிஞ்சவன் இம்புட்டு நேரம் வாயைத் திறக்காம ஏன் கிடந்தே?"ன்னா உலகம்மா.

"நீங்க பேசறது நல்லா இருந்துச்சு, கேட்டுக்கினு இருந்தேன்."

"ம்க்கும்"னுட்டு முறுக்கை மோந்து பார்த்துத்தான் வாங்கினா.

தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

அப்புறம் ரயில் இன்னும் கொஞ்சம் ஊர்ந்துச்சு. மூணாவது தடவையும் நின்னுச்சு. அவங்க இருந்தது கடைசிப் பெட்டி. அதுக்குப் பின்னால கார்டு வண்டி மட்டும்தான். உலகம்மா வாசல்ல போய் எட்டிப் பார்த்தா. கார்டு கீழே இறங்கறாரு. தோள்ல ஒரு பை, கையில சுருட்டின கொடி. ரயிலை விட்டுட்டு வந்த வழியாவே பின்னால நடக்கறாரு!

"இந்தா, வண்டியைப் போட்டுட்டு ஓடுதான்!" உலகம்மா சேலையை இழுத்துச் செருகினா. பொத்துனு குதிச்சா. "ஏட்டி உலகு, எங்கட்டி போறே?"ன்னு கோமு மதினி கத்தினது பனிக்குள்ளயே கரைஞ்சு போச்சு.

ஜல்லிக்கல்லு சரக் சரக். முன்னால அவரு, பின்னால இவ. ரொம்ப தூரம். அப்புறம் கார்டு நின்னாரு. குனிஞ்சாரு. பையிலருந்து தைல டப்பா மாதிரி ஒண்ணை எடுத்துத் தண்டவாளத்து மேல வெச்சாரு. ரெண்டு பக்கமும் இருந்த ஈயப் பட்டையை மடக்கி அழுத்தினாரு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. இன்னும் தள்ளி இன்னொண்ணு.

அடப்பாவி! தண்டவாளத்துல எதையோ கட்டி வெச்சு ரயிலைக் கவுக்கப் பார்க்கானேன்னு உலகம்மாளுக்கு நெஞ்சு பக்குனு ஆச்சு. அவரு முதுகைத் திருப்பின உடனே பட்டையை நிமிர்த்தி, டக்குனு எடுத்து மடியில போட்டா. ரெண்டாவது, டக். மூணாவது, டக். அவரு வெக்க வெக்க இவ எடுத்துட்டா.

அப்போ அவரு திரும்பினாரு. தண்டவாளம் மொட்டையா இருக்கு. எதிர்ல ஒரு பொம்பளை, மடி நிறைய.

மூஞ்சி வெளுத்துருச்சு மனுசனுக்கு. என்னமோ கத்தினாரு. பிடுங்கக் கை நீட்டினாரு, உடனே கையை இழுத்துக்கிட்டாரு. கும்பிட்டாரு. மண்டி போட்டாரு. இவ மடியை இன்னும் இறுக்கிக்கிட்டா. "கும்பிட்டா விட்டுருவேனா?"

சரக் சரக் சரக். தணிகைவேல் ஓடி வந்தான், கோமு மதினி அனுப்பி. பார்த்தான். அப்படியே நின்னுட்டான்.

"அம்மா, அசையாதீங்க. மடியில இருக்கிறது வெடி. நசுங்கினா வெடிக்கும். நம்ம வண்டி இங்க நிக்கிறது பின்னால வர்ற டிரைவருக்குத் தெரியாது. பனியில சிக்னலும் தெரியாது. சக்கரம் ஏறி வெடி கேட்டா பிரேக் போடுவான். அதுக்குத்தான் வெக்கிறாரு."

"நீயும் இவனும் கூட்டா?"

"அட, குடுத்துடுங்கம்மா!"

அப்போ, தூரத்துல, பனிக்குள்ள... கூஊஊஊ.

இன்னொரு ரயில்.

கார்டு விருட்டுனு எந்திரிச்சாரு. சிவப்புக் கொடியை விரிச்சாரு. உலகம்மாளை விட்டுட்டுத் திரும்பி, சத்தம் வர்ற பக்கமா நடந்து போயி, தண்டவாளத்துக்கு நடுவுல நின்னாரு. கொடியைத் தூக்கி ஆட்டினாரு. நாலடி தள்ளி இருந்த இவ கண்ணுக்கே அந்தக் கொடி கலங்கலாத்தான் தெரிஞ்சுது. வர்ற டிரைவருக்கு எங்க தெரியப் போகுது? அது அவருக்கும் தெரியும். இருந்தும் நிக்கறாரு. காலு நகரலை.

உலகம்மா பார்த்தா. இதுல இவனுக்கு என்ன லாபம்? மேல பார்த்து யோசிச்சா, கீழ பார்த்து யோசிச்சா. ஒரு லாபமும் அகப்படலை. ரயிலுக்கு முன்னால போய் நிக்கற களவாணியை அவ எங்கயும் பார்த்ததில்ல.

"ஏ அண்ணாச்சி! இந்தாரும்!"

மடியை விரிச்சுட்டா. கார்டு ஒண்ணைப் பூ எடுக்கற மாதிரி எடுத்தாரு, ஓடினாரு, மாட்டினாரு. தண்டவாளம் கிண்ண்ண்னு பாடுது. ரெண்டாவதை எடுத்தாரு, மாட்டினாரு. மூணாவது? அது உலகம்மா கையில. அவரு வெச்சதை ஒவ்வொண்ணாப் பார்த்துப் பார்த்து எடுத்தவளாச்சே, வெக்கத் தெரியாதா? குனிஞ்சா. வெச்சா. பட்டையை மடக்கினா. தணிகைவேல் அவ கையைப் பிடிச்சு இழுத்தான். மூணு பேரும் பக்கத்துக் கடுகு வயல்ல போய் விழுந்தாங்க, தொபீர்!

டமார்!

டமார்!

டமார்!

கிரீஈஈச்ச்ச்னு ஒரு சத்தம். கருப்பா ஒரு மலை அவங்களைத் தாண்டி வழுக்கிக்கிட்டே போச்சு. போச்சு, போச்சு... புஸ்ஸ்ஸ். கோமு மதினி உக்காந்திருந்த பெட்டிக்கு இந்தப் பக்கமே, நின்னுருச்சு.

அப்புறம் சத்தமே இல்ல. பனி சொட்டற சத்தம் மட்டும். சொட். சொட்.

கார்டு எந்திரிச்சு என்னமோ சொன்னாரு.

"என்ன சொல்லுதாரு?"

"உங்களைப் பிடிச்சு போலீஸ்ல குடுக்கணுமாம்."

"அது நியாயந்தான்"னா உலகம்மா.

ஆனா அவரு குடுக்கலை. மடியை உதறிக் காட்டச் சொன்னாரு. பையைத் திறந்து காட்டச் சொன்னாரு. வசம்பை மோந்து பார்த்து, "இது என்ன?"ன்னு தணிகைவேல்கிட்ட மூணு தடவை கேட்டாரு. நம்பவே இல்ல. கடைசியில தன்னோட கார்டு வண்டியிலயே அவளை ஏத்தி, எதிர்ல உக்காத்தி வெச்சு, டெல்லி வரைக்கும் கண்ணை எடுக்காமப் பார்த்துக்கிட்டே வந்தாரு. அவ இருமினாக்கூடத் திரும்பிப் பார்ப்பாரு. உலகம்மா கையைக் கட்டிக்கிட்டு நல்ல பிள்ளையா உக்காந்திருந்தா. சந்தேகப்படறதுன்னா என்ன, அடுத்தவங்க சந்தேகத்துல மாட்டறதுன்னா என்னன்னு அவளுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஆனா கோவம் வரலை.

ரயில் டெல்லிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுருச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடினா. பிள்ளை காலையிலயே பிறந்தாச்சு. பொம்பளப் பிள்ளை. வலி வந்த நேரம் அம்மா பக்கத்துல இல்ல.

வடிவு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. "இருக்கேன்னு சொன்னியேம்மா."

தண்டவாளத்துல நடந்ததைச் சொல்ல கோமு மதினிக்கு நாக்கு துறுதுறுன்னுச்சு. என்னமோ நினைச்சு, அன்னைக்கு வாயை மூடிக்கிட்டா. உலகம்மா கட்டில் ஓரமா உக்காந்து, மக தலையைத் தடவிக் குடுத்தா. "வந்துட்டேன்டி. வந்து சேர்ந்துட்டேன்."

வடிவு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம் திரும்பி, பிள்ளையைத் தூக்கி அம்மா மடியில வெச்சா. அது கண்ணைத் திறக்காமலே ஒரு கொட்டாவி விட்டுச்சு, ஆஆவ்.

உனக்கும் வருதா? விடு, நல்லா விடு. வண்டி வந்து சேர்ந்துருச்சு, எல்லாரும் இறங்கியாச்சு. கதைக்கு விளக்கணைச்சாச்சு. கண்ணை மூடிக்கோ.