பைக்குள் இருந்த பாவாயி

நாச்சிமுத்துக்கு அறுபத்தெட்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சாமிக்கு ஐம்பத்தேழு. குரு இளசு, சீடர் கிழடு என்று ஊரில் சிரித்தார்கள். நாச்சிமுத்து அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆளில்லை. ஆற்றங்கரை மடத்துக்கு வந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

அன்று காலை கும்பிடக் கை ஒழியவில்லை. ஒரு கையில் ஸ்கேன் படம் வைத்த பை, மறு கையில் தடித்த ஃபைல்.

"மெட்ராஸ்ல இருந்து நேரா வர்றனுங்க சாமி. போயி எட்டு நாளாச்சு. பாவாயியை எந்த ஆஸ்பத்திரியில சேக்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

பாவாயி அவர் மனைவி. பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது.

"விழுந்த அன்னிக்கு எங்க கொண்டுபோனீங்க?"

"கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குங்க. மூணு மணி நேரத்துல சேத்ததாலதான் உயிர் தங்குச்சுன்னாங்க."

"அன்னிக்கு அது சரி. அப்புறம்?"

"அப்புறம் அங்கயே இன்னொரு ஆஸ்பத்திரி, பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியசாலை, இப்ப மெட்ராஸ். அங்க ரூமெல்லாம் கல்யாண மண்டபமாட்டம் இருக்குதுங்க."

"டாக்டருங்க என்ன சொன்னாங்க?"

நாச்சிமுத்துக்குக் கோபம் வந்தது. "எல்லாரும் ஒண்ணையேதான் சொல்றாங்க. பயிற்சி குடுங்க, பயிற்சி குடுங்கன்னு. அதை எங்கூர் தாலுகா ஆஸ்பத்திரியிலயே குடுப்பாங்களே. அதுக்கா நான் மெட்ராஸ் வரைக்கும் போனேன்?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

கோபம் அப்படியே அடங்கிவிட்டது.

"அடுப்படியில இருந்து 'ஏனுங்க'ன்னு கூப்புடுவாளுங்க. நாப்பத்துநாலு வருசம். கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போயி பாதி நேரம் பதிலே சொல்ல மாட்டேன். இப்ப அந்த ஒரு சத்தத்துக்கு ஏங்கிக் கெடக்கறேன் சாமி."

சாமி நிமிர்ந்து பார்த்து, "எங்க, அம்மாவைக் காட்டுங்க" என்றார்.

நாச்சிமுத்து அவசரமாகப் பையைப் பிரித்து ஸ்கேன் படத்தை நீட்டினார். சாமி அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"இதுல அம்மா எங்க?"

"இதா, இந்தக் கறுப்புத் திட்டுங்க."

"அது அடைப்பு. நான் அம்மாவைக் கேட்டேன்."

"அவ வூட்லீங்க. பக்கத்து வூட்டு அக்கா பாத்துக்குது. படத்தைக் காட்டுனாப் பத்தாதுங்களா?"

நம் பக்கத்து வழக்கம்தான் இது. நோயாளி கட்டிலில் கிடப்பார், ஃபைல் ஊர் ஊராகப் போகும். பாவாயியின் ஃபைல் ரயில் ஏறிவிட்டது. முதல் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து பாவாயி வாசற்படி தாண்டவில்லை.

சாமி செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, போவோம்."

வீட்டுக்கு எதிரிலேயே பஸ் நிற்கும். இருவரும் இறங்கினார்கள். பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் இழுத்து இழுத்து வந்தது.

"ஏ... ஏனு..."

நாச்சிமுத்து நடையிலேயே நின்றுவிட்டார்.

பயிற்சி கொடுக்கும் செல்வநாயகி வெளியே வந்தாள். தாலுகா ஆஸ்பத்திரிக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"வந்துட்டீங்களா? வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்? மாசத்துக்கு ஒருக்கா நான் இங்க வந்து போறது எந்த மூலைக்கு? பிரஷர் மாத்திரை இதா, பின் தெரு சுகாதார நிலையத்துலயே தர்றாங்க. அதைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரங்கதான் வாங்கியாறாங்க."

"அந்தச் சத்தம்..."

"நீங்க மெட்ராஸ் போன மறுநாள்ல இருந்து இப்படித்தானாம். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலைப் பாத்துக் கூப்பிடறாங்களாம்."

நாச்சிமுத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பையையும் ஃபைலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாமி பக்கம் திரும்பினார்.

"அப்ப எந்த ஆஸ்பத்திரிங்க சாமி?"

உள்ளே மறுபடியும், "ஏனு..."

சாமி கை நீட்டி அவரிடமிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

"முதல்ல பதில் சொல்லுங்க."