கோணல் தகடு

“போதும்மா. எனக்கு அலுத்துப்போச்சு.”

சங்கரலிங்கம் இதைச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். வந்தவர் வழக்கம்போல நேரே சுவர்க் கடிகாரத்திடம் போனார். அது இடப்பக்கம் சாய்ந்து தொங்கியது. நிமிர்த்தி வைத்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மரியநேசம் பழைய துப்பாக்கிகளின் வயது பார்ப்பவர். குன்னூரில் அவர் வீட்டு முன்னறைக்கு எங்கெங்கிருந்தோ சேகரிப்பாளர்கள் வருவார்கள். சங்கரலிங்கம் சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரிடம் பாடம் கேட்க வந்தவர். வயதில் சீடர்தான் மூத்தவர். அந்த வெட்கத்தை அவர் முதல் வருஷத்திலேயே விழுங்கிவிட்டார். இப்போது விழுங்க முடியாமல் இருப்பது வேறு.

“என்ன அலுப்பு, சார்?”

“குழலைப் பார்த்தா சொல்றேன். பிடியைப் பார்த்தா சொல்றேன். முத்திரை தேய்ஞ்சிருந்தாலும் சொல்றேன். ஆனா கடைசி வார்த்தை மட்டும் உங்களுது. நான் எதுக்கு இந்த மலையேறி வரணும்? நாளையிலேர்ந்து வரல.”

“சரி. இன்னைக்கு ஒண்ணு வருது. நீங்களே சொல்லிடுங்க. நான் வாயைத் திறக்கல.”

சங்கரலிங்கத்துக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. அவ்வளவு களைப்பு.

“கடிகாரம் மறுபடி நின்னுடுச்சு பாருங்க,” என்றார். “தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கம்மா.”

“ஓடிட்டுத்தான் இருந்துச்சு,” என்றார் மரியநேசம்.

*

வந்தவள் பெயர் வசுந்தரா. பட்டுத் துணியைப் பிரித்து ரிவால்வரை மேஜைமேல் வைத்தாள். நீளக் குழல். குறிசுடும் போட்டிக்கென்று அந்தக் காலத்தில் செய்த ஜாதி. பின்னால் குறிபார்க்கும் தகடு ஒன்று, திருகைத் தளர்த்தினால் இடம் வலமாக நகரும்.

“எங்க தாத்தாவோடது, மேடம். இதை வச்சுத்தான் கோப்பை ஜெயிச்சேன்னு சாகுற வரைக்கும் சொன்னார். சேகரிப்பாளர் சங்கத்துல காட்டினேன். சாதாரண ரிவால்வர்ல அப்புறமா தகடு மாட்டி ஊரை ஏமாத்தியிருக்கார்னு சிரிச்சாங்க.”

அவள் பட்டுத் துணியின் ஓரத்தை நீவினாள்.

“விக்கிறதுக்கு இல்ல. அவர் பொய் சொன்னாரான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

மரியநேசம் சீடரைக் கை காட்டினார்.

சங்கரலிங்கம் ரிவால்வரை எடுத்தார். தகடு இடப்பக்கமாக ஒதுங்கிப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அவருக்குக் கை அரித்தது. திருகைத் தளர்த்தி, பித்தளைக் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டி, நடுவில் கொண்டுவந்து முடுக்கினார். அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம்தான் ஆராய்ச்சி.

“குழல் மேல ஒரு வருஷம் போட்டிருக்கு. அது காப்புரிமை வாங்கின வருஷம். இதைச் செஞ்ச வருஷம்னு நினைச்சுத்தான் எல்லாரும் ஏமாறுவாங்க. வரிசை எண்ணைப் பார்த்தா இது அதுக்கு ரொம்பப் பிந்தினது. குழல், உடல், உருளை மூணுலயும் ஒரே எண். அசல்தான்.”

மரியநேசம் தலையாட்டினார். சங்கரலிங்கத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“தகடு மட்டும் பிறகு வச்சது. தொழிற்சாலையில இப்படிக் கோணலாவா வைப்பான்? நானே இப்பத்தான் நேராக்கினேன். மன்னிக்கணும்மா. உங்க தாத்தா சொன்னது…”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வசுந்தரா பட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

மரியநேசம் பூதக்கண்ணாடியைச் சங்கரலிங்கத்தின் பக்கம் தள்ளினார். வாயைத் திறக்கவில்லை.

“பார்த்தாச்சேம்மா.”

கண்ணாடி இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்தது.

எரிச்சலோடு எடுத்துக் குனிந்தார். தகடு முன்பு இருந்த இடத்தைப் பார்த்தார். நடுவே நகர்ந்ததில் இடப்பக்கம் ஒரு கீற்று வெளியே தெரிந்தது. ரிவால்வர் முழுக்கப் பழுப்பேறிக் கிடக்க, அந்தக் கீற்று மட்டும் கருநீலமாக, தொழிற்சாலையில் பூசின பூச்சு கலையாமல் இருந்தது.

இரும்பு பழுப்பேறுவதற்கு முன்னாலேயே தகடு அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் அசையவே இல்லை. இன்று காலை வரைக்கும்.

சங்கரலிங்கம் கண்ணாடியை வைத்துவிட்டு வசுந்தராவிடம் திரும்பினார்.

“அம்மா… உங்க தாத்தா சுடும்போது கை எந்தப் பக்கமாவது இழுக்குமா?”

“வலது பக்கம். பேனா பிடிச்சாக்கூட இழுக்கும். அதுக்கென்ன?”

“குண்டு வலப்பக்கம் போனா, தகட்டை இடப்பக்கம் நகர்த்தணும். நகர்த்தியிருக்கார். இது அவர் கையோட கோணல். தகடு ஆரம்பத்துலேர்ந்தே இதுலதான் இருக்கு. அவர் பொய் சொல்லலம்மா. நான்தான்… சொல்ல இருந்தேன்.”

வசுந்தரா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சங்கரலிங்கம் தகட்டை மெல்லத் தட்டித் தட்டி, நீலக் கீற்று மறையும் வரை நகர்த்தி, பழைய இடத்திலேயே உட்கார வைத்தார். ஒரு வாழ்நாளில் இவ்வளவு கவனமாக அவர் எதையும் கோணலாக வைத்ததில்லை.

*

அவள் போய்விட்டாள்.

“அப்ப நாளைக்கு வரமாட்டீங்க,” என்றார் மரியநேசம்.

சங்கரலிங்கம் குடையை எடுத்தார். வாசலுக்குப் போகிற வழியில் கடிகாரம் நின்றபடி தொங்கியது. பார்த்துக்கொண்டே நின்றார். அதன் பின்னால் சுவர் புகை படிந்து மங்கியிருந்தது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் சாய்வாகத் தெரிந்தது.

குடையைக் கீழே வைத்தார்.

இரண்டு கையாலும் கடிகாரத்தைப் பிடித்து, அந்த வெள்ளை மறையும் வரை சாய்த்தார். பெண்டுலத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டார்.

டிக். டிக். டிக்.

நிற்கவில்லை.

“ஏம்மா,” என்றார் சங்கரலிங்கம், “இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?”

“எங்க சார்,” என்றார் மரியநேசம். “அதை நேராக்கிட்டுத்தானே எனக்கு வணக்கமே சொல்வீங்க.”