மிளகு பார்த்த நூறு பேர்

மூக்கலாங்குளத்துக்காரர்கள் நல்லவர்கள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஒச்சப்பன், வீரணன், சடையன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர் ஆடு வளர்த்தார்கள். நரி வந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனதும், மூத்தவன் ஒச்சப்பன் பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய் ஒரு நாய்க்குட்டி கேட்டான்.

கன்னங்கரேலென்று ஒரு குட்டியைக் கொடுத்தார் அந்த அம்மா. கூடவே பாடமும் எடுத்தார்.

"இந்த ஒரு மாசந்தான் முக்கியம். குட்டி நூறு புது ஆளுகளையாவது பாத்துரணும். குடை பிடிச்சவங்க, தாடி வச்சவங்க, எல்லாரையும் காட்டுங்க. பயப்படாம உட்காந்துச்சுன்னா உடனே ஒரு துண்டு கறி குடுத்து, 'நல்ல பிள்ளை'ன்னு தடவிக் குடுங்க. ஊசியெல்லாம் முடியிற வரைக்கும் சந்தைப் பக்கம் கொண்டு போகாதீங்க. அடுத்த மாசம் வருவேன். ஆளைக் கண்டு நடுங்குச்சுன்னா திருப்பித் தூக்கிட்டுப் போயிருவேன்."

பஸ்ஸில் வரும்போது குட்டி அவன் அக்குளில் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. ஊர் வந்து இறங்குவதற்குள் அதற்கு மிளகு என்று பேர் வைத்துவிட்டான். இதைத் திருப்பிக் கொடுப்பதைவிட ஆட்டுப்பட்டியையே கொடுத்துவிடலாம் என்றும் முடிவு செய்துவிட்டான்.

ஊரில் மொத்தம் நாற்பத்தொரு பேர். இரண்டே நாளில் எல்லாரும் வரிசையாக வந்து மிளகைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுவரில் நாற்பத்தொரு கரிக்கோடு விழுந்தது. அதற்கப்புறம் ஆள் இல்லை.

"இன்னும் அம்பத்தொம்போது புது ஆளுக்கு எங்கண்ணே போறது?" என்றான் சடையன்.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். சோறு ஆறிப்போகிற அளவுக்கு யோசித்தார்கள்.

"தாடி வச்சா நான் புது ஆளா, பழைய ஆளா?" என்று கேட்டான் வீரணன்.

"கண்ணாடி பாரு. உனக்கே உன்னைத் தெரியலைன்னா புது ஆளுதான்" என்று ஒச்சப்பன் தீர்ப்புச் சொன்னான்.

வீரணன் ஆட்டுமயிரில் தாடி ஒட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். "வாங்க, வாங்க" என்று கும்பிட்டான். சரி, புது ஆள்தான். ஆனால் குடையும் தாடியுமாக அவன் வாசலில் நுழைந்ததும் மிளகு ஓடிப்போய்க் காலை நக்கியது.

"கண்டுபிடிச்சிருச்சுண்ணே! மூக்குதான் காட்டிக் குடுக்குது" என்றான் வீரணன்.

மறுபடி கருவாட்டைத் தேய்த்துக்கொண்டு வந்தான். இந்தத் தடவை மிளகு நின்றது, யோசித்தது, உட்கார்ந்தது. ஒச்சப்பன் பூரித்துப்போய்க் கறித்துண்டை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது.

"கறி யாருக்குடா?"

"உட்காந்தது குட்டிதானே" என்றான் வீரணன்.

"உட்கார்றதுல என்ன கஷ்டம்? உடம்பெல்லாம் கருவாட்டைப் பூசிக்கிட்டு வெயில்ல வந்தது யாரு?" என்றான் சடையன்.

அதுதான் நியாயம் என்று மூவருக்குமே பட்டது. ஒச்சப்பன் கறியை வீரணன் வாயில் போட்டு, "நல்ல பிள்ளை" என்று தாடியைத் தடவிக் கொடுத்தான். மிளகுக்கு வழக்கம்போல் பால்சோறு.

வேஷம் போட்டால் கறி என்ற சேதி பரவியதும் ஊரே கிளம்பிவிட்டது. ஒருவர் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு வந்தார், ஒருவர் வேப்பெண்ணெயில் முங்கி வந்தார். தாடிக்காக வெள்ளாடுகள் பாதி மொட்டையாயின. ஒருநாள் வீரணன் வேஷத்தோடு வீட்டுக்குப் போக, அவன் பெண்டாட்டி பெருமாயி அசலூர்க்காரர் என்று நினைத்து மோர் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரரு ஒண்ணுக்கும் ஆகாத மனுசன்ணே" என்று புலம்பினாள். வீரணன் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டு வந்தான்.

இப்படியே தொண்ணூற்றொன்பது கோடு ஆயிற்று. மறுநாள் டாக்டரம்மா வருகிறார். ஊரில் பூசாத எண்ணெய் இல்லை, ஒட்டாத தாடி இல்லை. ஒச்சப்பன் மிளகை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு ஆளு கொறையுதே சாமி!" என்று வாய்விட்டு அழுதான்.

பொழுது சாயும் நேரம், வேலியோரம் ஒரு நரி வந்து நின்றது.

"புது ஆளுண்ணே!" என்று கத்தினான் சடையன்.

"நம்ம ஆட்டுக்குட்டியைத் தூக்குன ஆளு மாதிரி இருக்கே?" என்றான் வீரணன்.

"அது ராத்திரி வந்துச்சு. இது சாயங்காலம் வந்திருக்கு. வேற ஆளு" என்றான் ஒச்சப்பன்.

தொண்ணூற்றொன்பது கோலங்களைப் பார்த்த மிளகுக்கு நரி ஒரு பொருட்டா? பார்த்தது, உட்கார்ந்தது. ஒச்சப்பன் கறியை நரிக்கு வீசி, தூரத்திலிருந்தே "நல்ல பிள்ளை" என்றான். நரி ஆட்டுக்குட்டிகளை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் கறியைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. ஒச்சப்பன் ஓடிப்போய்ச் சுவரில் நூறாவது கோட்டைப் போட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து சாயங்காலமாக டாக்டரம்மா வந்தார். மிளகு அவரை ஏறிட்டுப் பார்த்தது, அமைதியாக உட்கார்ந்தது. "அடேயப்பா!" என்று ஒரு கறித்துண்டை நீட்டினார். மிளகு அதைப் பதமாக வாயில் வாங்கி, அவர் செருப்பின் மேலேயே வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

"என்னங்க இது?"

"வந்தவங்களுக்குத்தானே கறி? சாப்பிடுங்கம்மா" என்றான் ஒச்சப்பன்.

டாக்டரம்மா செருப்பை உதறிக் கறியைத் தள்ளினார். ஆனாலும் பயமில்லாத குட்டி, சொன்ன சொல் சொன்னதுதான். "இங்கேயே இருக்கட்டும். உங்களைப் பாத்துக்கவும் ஒரு ஆளு வேணும்" என்றார். ஒச்சப்பன் மிளகைத் தூக்கி முகமெல்லாம் முத்தம் கொடுத்தான்.

அந்த நேரம் பார்த்து நரி வந்து, மிளகு உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தது.

"ஐயோ, நரி!" என்று டாக்டரம்மா வாசலில் கிடந்த கட்டிலில் ஏறி நின்றார்.

"பயப்படாதீங்கம்மா, அவருதான் நூறாவது ஆளு" என்று சொல்லிக்கொண்டே ஒச்சப்பன் கறியை எடுத்தான்.

சடையன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நேத்து வந்த ஆளுதானே? பழைய ஆளுக்குக் கறி கிடையாது."

நரிக்குக் கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது. எழுந்து ஆட்டுப்பட்டிப் பக்கம் திரும்பியது. ஒச்சப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"கோவிச்சுக்கிறாதப்பா, செத்த இரு!" என்றபடி, ஒரு கையில் தாடியையும் ஒரு கையில் கருவாட்டையும் எடுத்துக்கொண்டு நரிக்கு வேஷம் கட்ட ஓடினான்.