வாரேன் என்று சொன்னவள்

அந்தக் காலத்தில் காக்கை பேசும், கழுதை பேசும், பாதையும் பேசும். இந்த மூன்றில் பாதைதான் பொல்லாதது. காக்கை கொஞ்சம் கூட்டிச் சொல்லும், கழுதை புலம்பும். பாதைக்கு அதெல்லாம் தெரியாது. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

ஊர் எல்லைக் கல்லைத் தாண்டுகிறவர் எவராக இருந்தாலும், போகும் இடத்தைச் சொல்லி, "போறேன்" என்று பாதையிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கால் நகராது. சொல்லிவிட்டாலோ, பாதை முன்னால் வழி விட்டுக்கொண்டே பின்னால் பாயைப் போலச் சுருண்டுகொள்ளும். திரும்பிப் பார்த்தால் முள்ளும் புதரும்தான். அதனால் போனவர் போனவரே. உப்பு விற்க வருகிறவன்கூட ஒரு ஊருக்கு ஒரு தடவைதான் வருவான். இந்தத் தொல்லைக்குப் பயந்து முக்கால்வாசிப் பேர் பிறந்த ஊரிலேயே கிடந்தார்கள்.

ஆவுடையும் அப்படித்தான் கிடந்தாள். அவளுக்குப் புருஷன் கொம்பையா, நாலு வயதில் செவந்தி என்று ஒரு மகள், ஐந்தாறு ஆடு. ஒரே ஒரு தங்கச்சி இருந்தாள், வடிவு. ஆத்தா இல்லாத அந்தப் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் ஆவுடை. மழை பொய்த்த வருஷம் வடிவு தன் புருஷனோடு பிழைப்புத் தேடி, "போறேன் யக்கா" என்று எல்லைக் கல்லைத் தாண்டினாள். பாதை சுருண்டுகொண்டது. அதோடு சரி.

ஒரு நாள் கூரையில் காக்கை வந்து உட்கார்ந்தது. காக்கைக்குப் பாதை எதற்கு, அது பாட்டுக்குப் பறந்து வரும்.

"ஆவுடை, உன் தங்கச்சிக்கு மாசம் ஒம்பது. மலைக்கு அந்தப் பக்கம் ஒத்தக் குடிசை. அவ புருஷனை விட்டா ஆள் கிடையாது. ஒரு ஆடு இருக்கு, அதுவும் கிடா. அக்காவ வரச் சொல்லுன்னு அழுதா."

காக்கை சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது. ஆவுடைக்கு அன்றைக்கு அடுப்பு எரிந்ததா அணைந்ததா என்றே தெரியவில்லை. போகாவிட்டால் வடிவு தனியாகக் கிடந்து பிள்ளை பெற வேண்டும். அதில் என்னவும் ஆகலாம். போனால் செவந்தியின் முகத்தை இனி இந்தப் பிறவியில் பார்க்க முடியாது.

கொம்பையா இரண்டு நாள் ஆடுகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே சுற்றினான். மூன்றாம் நாள் காலையில், "போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போன்னு சொல்லவும் வரல" என்றான். ஆவுடை விளக்கெண்ணெய், சுக்கு, மெத்தென்ற பழந்துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். மூன்று பேரும் எல்லைக் கல்லுக்கு நடந்தார்கள்.

ஆவுடை பேசாமல் காலை எடுத்து வைத்துப் பார்த்தாள். களிமண்ணில் புதைந்த மாதிரி கால் மாட்டிக்கொண்டது.

"எங்கே?" என்றது பாதை.

"மலைக்கு அந்தப் பக்கம். என் தங்கச்சி வீட்டுக்கு."

"சரி. சொல்லு."

அவள் மூட்டையைக் கீழே இறக்கினாள், மறுபடி தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"சீக்கிரம் சொல்லு. வெயில் ஏறுது" என்றது பாதை.

அப்போது செவந்தி அப்பன் கையை உதறிவிட்டு ஓடிவந்து, "எம்மா, எப்பம்மா வருவே?" என்று கேட்டாள். அந்த ஊரில் பெரியவர்கள் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு எதற்கு அழ வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா?

ஆவுடை திரும்பினாள். பெற்ற வயிறு என்ன சொல்லுமோ அதைத்தான் அவள் சொன்னாள்.

"வாரேன்டி என் தாயி. வாரேன்."

பொசுக்கென்று கால் விடுபட்டது.

"இரு, இரு. இப்ப என்ன சொன்னே?" என்றது பாதை.

"வாரேன்னு சொன்னேன்."

"எங்கே வாரே? இங்கேதானே நிக்கே?"

பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தைதான். ஆனால் ஆவுடைக்கு அந்த இடத்தில் புத்தி விழித்துக்கொண்டது.

"இங்கே நிக்கிறவ எப்படி இங்கே வர முடியும்? என்னைக் கொண்டுபோய் என் தங்கச்சி வீட்டுல விடு. அப்புறம் அங்கேயிருந்து வாரேன்."

பாதை வெகுநேரம் யோசித்தது. நடுவில் ஒரு எறும்புச் சாரை அதைக் கடந்தே போய்விட்டது. "வாரேன்னு சொன்னவளை வரவிடாம நான் சுருண்டுக்கிட்டா என் பேரு கெட்டுப்போகுமே" என்றது கடைசியில்.

"நல்லாவே கெட்டுப்போகும்" என்றாள் ஆவுடை. பிறகு மனசு பொறுக்காமல் கேட்டாள். "இத்தனை பேரு போனாங்களே, ஒருத்தரைக்கூட ஏன் திருப்பி விடல?"

"ஒருத்தரும் வருவேன்னு சொல்லலையே."

ஆவுடைக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவ்வளவுதானா என்று அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். பத்து அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பாதை சுருளவில்லை. அவள் காலடித் தடம் அப்படியே கிடந்தது.

வடிவு அக்காவைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் இரவும் பகலும் பாடாய்ப் படுத்தி, நல்லபடியாக ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஆவுடை மருந்து அரைத்துக் கொடுத்தாள், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். பதினாறாம் நாள் காலையில் உள்ளங்கால் குறுகுறுத்தது. வாசலில் பாதை வந்து கிடந்தது.

"வாரேன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"வந்துட்டியா, கொஞ்சம் பொறு. பிள்ளையைத் தூங்க வச்சுட்டு வாரேன்."

மூட்டையோடு அவள் வாசலுக்கு வந்தபோது வடிவு முகம் வாடிவிட்டது. "யக்கா, போறியா?" என்றாள். ஆவுடை சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"அந்த வார்த்தை இனிமே வேண்டாம். வாரேன் வடிவு."

பாதை பெருமூச்சு விட்டது. "அங்கேயும் வாரேன்னே, இங்கேயும் வாரேன்னு சொல்றே. நான் எப்பத்தான் சுருண்டு படுக்கிறது?"

"ஏன் சுருளணும்? இப்படியே நீட்டிக் கிட" என்றாள் ஆவுடை.

அவள் ஊர் திரும்பிய அன்று செவந்தி எல்லைக் கல் வரைக்கும் ஓடிவந்தாள். ஊரே பின்னால் ஓடிவந்தது. விஷயம் தெரிந்ததும் காக்கைகளைக் கூப்பிட்டு எட்டுத் திக்குக்கும் சொல்லி அனுப்பினார்கள், நின்ற இடத்தில் நின்று "வாரேன்" என்று சொன்னால் போதும் என்று. போனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சிலர் வந்தார்கள். வராதவர்களுக்குக் காக்கை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அடுத்த அறுவடைக்கு வடிவு கைப்பிள்ளையோடு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அன்று முதல்தான், தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கக் கிளம்புகிறவர்கூட "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறார். இங்கிலீஷ் வாத்தியார், 'கோ' என்றால் போ, 'கம்' என்றால் வா, கிளம்புகிறவனுக்கு 'கோ' மட்டும் போதும் என்று எத்தனை தரம் அடித்துத் திருத்தினாலும் நம் பிள்ளைகள் "ஐ வில் கோ அண்ட் கம் சார்" என்றே சொல்கிறார்கள். மணி அடித்ததும் அந்த வாத்தியாரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாரேன் பிள்ளைகளா" என்றுதான் வீட்டுக்குக் கிளம்புகிறார்.