வேட்டியின் மறுமுனை

பண்பொழிக்கு மேற்கே, மலை இறங்கி வந்து கால் நீட்டிப் படுத்திருக்கும் இடத்தில் ஓர் ஓட்டுக் கூரை. ஊரார் அதை மடம் என்பார்கள். அங்கே இருந்ததே இரண்டு பேர்தான். சாமிக்கு வயது நாற்பதைத் தாண்டாது. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது முடியப் போகிறது. அதனால் சாமி தம் சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஆவுடையப்பன் தென்காசியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தார். கடையைத் தம்பியிடம் விட்டார். பெண்டாட்டி உலகம்மாளிடம், "மடத்துக்குப் போறேன்" என்றார். அவள், "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வீட்டிலும் மௌனம்தான், மடத்திலும் மௌனம்தான். இங்கே அதற்கு ஒரு மரியாதை இருந்தது, அவ்வளவே. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஆனி மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சோற்றுக்கு அப்புறம், உலகம்மாளின் தம்பி குத்தாலிங்கம் மூச்சு வாங்க மேடேறி வந்தான்.

"என்ன அத்தான், சாமியாராப் போனா சவரம் பண்ணக் கூடாதுன்னு சட்டமா? கரடின்னு நெனச்சுக் கல்லெடுத்துட்டேன்."

"விஷயத்தைச் சொல்லு."

"வெள்ளிக்கிழமையோட ஒங்களுக்கு அறுபது முடியுது. மக பெங்களூர்ல இருந்து கிளம்பிட்டா. அறுபதாம் கல்யாணம் பண்ணிப் பாத்தே ஆகணும்னு நிக்கா. ஐயருக்குச் சொல்லியாச்சு, மாலைக்குச் சொல்லியாச்சு. மாப்பிள்ளையத்தான் காணோம்."

"ஒங்க அக்கா என்ன சொல்லுதா?"

குத்தாலிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தான். முகத்தில் இருந்த சிரிப்பும் அதோடு போயிற்று.

"'வந்தா சோறு போடுதேன். மணையில ஒக்காருறதை அப்புறம் பாக்கலாம்'னு சொன்னா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல அத்தான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கீழ டீக்கடையில இருக்கேன். நாலு மணி பஸ்ஸுக்கு வந்தா வாங்க. வராட்டி, போற வழியில மாலைக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பின்பக்கம் துவைகல்லருகே சாமி வேப்பமரத்தில் கட்டிய கொடியிலிருந்து தம் காவி வேட்டியை உருவிக்கொண்டிருந்தார். ஆனிக் காற்று மலையிடுக்கில் நுழைந்து வந்தால் ஒற்றை ஆளால் வேட்டி மடிக்க முடியாது. முள்ளில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதனால் தினமும் இருவருமாகத்தான் மடிப்பார்கள்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி. அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டே கேளுங்க."

ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நீளவாக்கில் மடித்து, விறைப்பாக இழுத்தார்கள்.

"ஒரு கல்யாணம் நெலச்சு நிக்க என்ன வேணும் சாமி?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒண்ணுகூடப் பண்ணினதில்லையே."

"வெளையாடாதீங்க சாமி. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. கை நீட்டினது கெடையாது. கொள்முதலுக்கு மதுரைக்குப் போனாலும் கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துருவேன். முப்பத்துநாலு வருஷம். இதுக்கு மேல என்ன செய்யணும்? அவ என்னடான்னா மணையில ஒக்கார யோசிக்கா."

சாமி தம் முனையைப் பிடித்தபடி நின்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் சாமி நடந்து வருவார். தம் முனையை ஆவுடையப்பன் கையில் சேர்த்துவிட்டு, குனிந்து, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவார். மறுபடி வருவார். வந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்றைக்கு அவர் வரவில்லை.

ஆவுடையப்பன் காத்திருந்தார். வேட்டி காற்றில் வயிறு உப்பிப் படபடத்தது.

"வாங்க சாமி."

"எங்க?"

"இங்கதான். மடிக்க வேண்டாமா?"

"நான் விடலையே அண்ணாச்சி. பிடிச்சுக்கிட்டுத்தான நிக்கேன்."

"பிடிச்சா போதுமா? யாராச்சும் ஒருத்தர் நடந்து வந்தாத்தான மடியும்!"

சொன்ன வாய் சொன்னபடியே நின்றுவிட்டது.

தென்காசி வீட்டு மொட்டை மாடி கண்ணுக்குள் வந்தது. கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சேலையின் ஒரு முனை அவர் கையில். உலகம்மாள் மறுமுனையோடு நடந்து வருவாள். கையில் சேர்க்கும்போது அவள் முகம் வெகு பக்கத்தில் இருக்கும். "கடையில என்ன விசேஷம்?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பார். மடிப்பை எடுத்துக்கொண்டு போவாள், திரும்ப வருவாள். "அந்தச் செங்கோட்டைக்காரர் அண்டா எடுக்க வந்தாரா?" "ம்."

ஏதோ ஒரு வருஷத்தில் அந்தக் கேள்வி நின்றது. எப்போது நின்றது என்று இப்போது யோசித்தும் பிடிபடவில்லை. அதற்கும் பிறகு, மடிக்க அவரைக் கூப்பிடுவதும் நின்றது. ஒரு நாள் தற்செயலாக மாடிக்குப் போனவர் பார்த்தார். சேலையின் ஒரு முனையை மாடிப்படிக் கூண்டின் சன்னல் கம்பியில் முடிந்து வைத்துக்கொண்டு, அவள் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். நல்லதாப் போச்சு என்று கீழே இறங்கி வந்து பேப்பர் படித்தார்.

இதையெல்லாம் சாமியிடம் விட்டு விட்டுச் சொன்னார். காற்றில் பாதி போயிற்று. பாதி சாமியின் காதுக்கு எட்டியது.

"அவளே சமாளிச்சுக்கிடுதான்னு நெனச்சேன் சாமி."

"ம்."

"ஆனா நான் விடல. நீங்களே சொல்லுங்க. முப்பத்துநாலு வருஷத்துல ஒரு நாளாச்சும் கையை விட்டிருப்பனா?"

"சன்னல் கம்பியும் விடலையே அண்ணாச்சி."

வேட்டி படபடத்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது எட்டு முழம். ஆவுடையப்பன் அதை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நடந்தார். தம் முனையைச் சாமியின் கையில் சேர்க்கும்போது நிமிர்ந்து பார்த்தார். சாமியின் இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். திரும்ப வந்தார். போனார். வந்தார். வேட்டி கைக்கடக்கமாக மடிந்தது.

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

ஆவுடையப்பன் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார். வாசலில் தயங்கினார்.

"நாளைக்கு இதை யாரு சாமி பிடிப்பா?"

"வேப்பமரம் இருக்கு."

சாமி மரத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னார். ஆவுடையப்பன் இரண்டு எட்டு வைத்து மறுபடி நின்றார்.

"அவ பேசலைன்னா சாமி?"

"நீங்க கேளுங்க."

"என்னத்தக் கேக்க? அவகிட்ட ஒண்ணு கேட்டுப் பழக்கமே இல்லையே எனக்கு."

சாமி மடித்த வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுல என்ன விசேஷம்னு கேளுங்க. 'ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லுவாங்க, அண்ணாச்சி. மறுநாளும் கேளுங்க."